அகேடியாவில் இலையுதிர்காலம்: கடலையும் காட்டையும் உயிரினங்களையும் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மவுண்ட் டெசர்ட் தீவில் இருக்கிறது அகேடியா தேசியப் பூங்கா. பாறைக் கடற்கரை, செந்நிற இலைகள், கடற்பறவைகள், கடல்நாய்கள் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் கைக்கெட்டும் இடம் என்பதால், நியூ இங்கிலாந்திலும் நியூ ஜெர்சியிலும் வாழும் நம்மவர் பலர் அக்டோபர் மாதத்தில் கேமராவுடன் அங்கே செல்கிறார்கள். பாஸ்டனிலிருந்து காரில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடங்களின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒன்றை முடித்ததும் அடுத்ததற்கு ஓடுகிறார்கள். அதனால் கடல் வற்றிக் கிடக்கும்போது அலையைத் தேடுகிறார்கள். உச்சி வெயிலில் இலைகளைப் படமெடுக்கிறார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது), அடுத்தது ஒளி, அதற்கடுத்தது காற்று. எந்த இடத்துக்குப் போவது என்பதை இந்த மூன்றையும் அறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியின் படிகளும் அதே வரிசையில் அமைந்துள்ளன.

1. ஓத அட்டவணையையும் சூரிய நேரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

அகேடியாவில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே கடல்மட்டம் சுமார் 10 முதல் 12 அடி வரை மாறுகிறது. மெரினாவிலோ நாகப்பட்டினத்திலோ கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத அளவு. காலையில் நின்று படமெடுத்த பாறை, நண்பகலில் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனமான நோவா, தீவிலுள்ள பார் ஹார்பர் ஊரின் நிலையத்துக்கான ஓத நேரங்களை இணையத்தில் முன்கூட்டியே வெளியிடுகிறது. நீங்கள் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் உயர் ஓத, தாழ் ஓத நேரங்களை எழுதி, அவற்றின் அருகே சூரிய உதய, மறைவு நேரங்களையும் எழுதுங்கள். அக்டோபர் நடுவில் சூரியன் காலை 6:45 மணி அளவில் உதித்து, மாலை 5:50 மணி அளவில் மறைகிறது.

உயர் ஓதத்துக்கும் அடுத்த தாழ் ஓதத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் இருக்கும். நாளுக்கு நாள் இந்த நேரங்கள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்த வாரம் விடியலில் உயர் ஓதம் என்றால், அடுத்த வாரம் அதே வேளையில் தாழ் ஓதமாக இருக்கும். இரண்டு வார இறுதிகளில் எதைத் தேர்வு செய்வது என்ற தயக்கம் இருந்தால், விடுதிக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஓதத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பார் ஹார்பர் ஊருக்குள்ளேயே காணலாம். ஊருக்கும் பார் தீவுக்கும் இடையிலுள்ள சரளைத் திட்டு, தாழ் ஓதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் மட்டுமே நடக்கத்தக்கது. அந்த நேரத்தைத் தாண்டித் தீவில் நின்றால் அடுத்த வற்று வரும்வரை திரும்ப முடியாது.

2. தேதியையும் அனுமதியையும் உறுதி செய்யுங்கள்

இலைகளின் நிறம் பொதுவாக அக்டோபர் நடுவில் உச்சம் அடைகிறது. கடலின் வெப்பம் தீவைச் சூழ்ந்திருப்பதால், உள்நாட்டு மலைகளைவிட இங்கே நிறம் சற்றுத் தாமதமாகவே வரும். வெர்மாண்ட் மலைகளின் படங்களைப் பார்த்துவிட்டுச் செப்டம்பர் இறுதியில் வருபவர்களுக்குப் பச்சை மரங்களே எதிர்ப்படுகின்றன.

காடிலாக் மலை உச்சிக்குக் காரில் செல்ல, மே இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை தனி முன்பதிவு தேவை. பூங்காவின் நுழைவுச் சீட்டு வேறு, இந்த முன்பதிவு வேறு. இரண்டும் கையில் இருக்க வேண்டும். முன்பதிவில் ஒரு பங்கு 90 நாட்களுக்கு முன்பும், பெரும்பங்கு இரண்டு நாட்களுக்கு முன்பு காலை 10 மணிக்கும் திறக்கப்படுகிறது. வானிலை தெரிந்த பிறகு எடுக்கலாம் என்பதால் இரண்டாவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் விடியற்காலை இடங்கள் மிக விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், 10 மணிக்கே இணையத்தில் தயாராக இருங்கள்.

டிரோன் கொண்டுவர வேண்டாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அதைப் பறக்கவிடுவது தடை செய்யப்பட்டுள்ளது.

3. பையில் வைக்க வேண்டியவை

அகலக் கோண லென்ஸ் ஒன்று (16–35 மி.மீ. அல்லது அதற்கு இணையானது), 100–400 மி.மீ. போன்ற நீள லென்ஸ் ஒன்று, உறுதியான முக்காலி ஒன்று ஆகியவை போதும். ஒரே ஒரு லென்ஸ்தான் தூக்க முடியும் என்றால் நீள லென்ஸையே எடுங்கள். மலைச்சரிவின் நிறத்திட்டுகளைப் பிரித்தெடுக்கவும், அலையை நெருக்கமாகக் காட்டவும், பறவையைப் பிடிக்கவும் அது ஒன்றே உதவும்.

ஃபில்டர்களில், பளபளப்பை அடக்கும் போலரைசர் கட்டாயம் தேவை. அத்துடன் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர்கள், மூன்று ஸ்டாப், ஆறு ஸ்டாப் அளவுகளில் இருந்தால் நல்லது. ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்கும் அளவு. மூன்று ஸ்டாப் ஒளியை எட்டில் ஒரு பங்காகவும், ஆறு ஸ்டாப் அறுபத்துநான்கில் ஒரு பங்காகவும் குறைக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடி தேவைப்படும் காட்சி, ஆறு ஸ்டாப் ஃபில்டருடன் ஏறத்தாழ 2 நொடியாகும்.

லென்ஸ் துடைக்கும் துணி ஒன்று போதாது, நான்கைந்தாவது வேண்டும். கடல்துளி பட்ட துணியால் மீண்டும் துடைத்தால், உப்பு லென்ஸ் முழுவதும் படலமாகப் பரவும். அதிகாலைக் குளிர் பேட்டரியைச் சீக்கிரம் வற்றச் செய்யும் என்பதால், கூடுதல் பேட்டரிகளை உடலை ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றி விளக்கும், அழுத்தமான பிடிப்புள்ள காலணியும் இல்லாமல் இருட்டில் பாறையில் இறங்கக் கூடாது.

4. முதல் நாள் பிற்பகலில் இடத்தை மட்டும் பாருங்கள்

வந்து இறங்கிய அன்றே படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். எனினும் முதல் பிற்பகலை, மறுநாள் விடியலில் நிற்கப்போகும் இடத்தைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். இருட்டில் வரும்போது எங்கே காரை நிறுத்துவது, எந்தப் பாதையில் இறங்குவது, எந்தப் பாறை வரை அலை வந்து போயிருக்கிறது ஆகியவற்றைப் பகலில்தான் அறிய முடியும்.

கடற்கரையை ஒட்டிச் செல்லும் ஓஷன் டிரைவ் பகுதி ஒருவழிப் பாதை. அனுமதிக்கப்பட்ட நீளங்களில் வலப்புறத் தடத்தில் காரை நிறுத்தலாம். ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் சுற்றி வரவேண்டியிருக்கும், அதற்குள் உதயம் முடிந்துவிடும்.

5. விடியலில் கடற்கரை

முதல் விடியலுக்கு நான் சொல்லும் இடம் போல்டர் பீச். உருண்டு வழவழப்பான கிரானைட் கற்கள் நிறைந்த அந்தச் சிறு குடாவிலிருந்து தெற்கே பார்த்தால், 110 அடி உயரமுள்ள ஆட்டர் கிளிஃப் என்ற செங்குத்துப் பாறை தெரியும். அக்டோபரில் சூரியன் இடப்புறத்திலிருந்து உதிப்பதால், அதன் முதல் ஒளி கிளிஃபின் இளஞ்சிவப்புப் பாறை முகத்தில் நேராக விழும். உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே அங்கே இருங்கள். வானத்தில் நிறம் அதிகமாக இருப்பது பெரும்பாலும் சூரியன் எழுவதற்கு முந்தைய இருபது நிமிடங்களில்தான்.

இங்கே செய்யவேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில், முக்காலியை விரிக்காமல் பத்து நிமிடமாவது அலையைப் பாருங்கள். அலைகள் சம அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்த பின் பெரியவை தொடர்ந்து சில வரும். அந்தப் பெரிய அலை எட்டும் கோட்டைக் கண்ட பிறகே நிற்கும் இடத்தை முடிவு செய்யலாம். கல் காய்ந்து வெளுத்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்பதும் அதே செய்தியைச் சொல்லும்.

இரண்டாவதாக, ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இறங்கும் ஓதத்தையே புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். நிமிடத்துக்கு நிமிடம் கடல் விலகுவதால் பாதுகாப்பு கூடுகிறது. நனைந்த கற்கள் வானத்தின் நிறத்தை ஏந்தி மின்னுகின்றன. ஏறும் ஓதத்தில் அழகான அலைகள் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் படத்தில் மூழ்கியிருப்பவருக்குக் கால் பக்கத்தில் ஏறும் நீர் தெரிவதில்லை.

மூன்றாவதாக, பாறையின் பட்டைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேலே வெளிர் நிறக் காய்ந்த கிரானைட் இருக்கும். அதற்குக் கீழே மை பூசியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியின் படலம். ஈரமாக இருக்கும்போது எந்தக் காலணியும் அதில் நிற்காது. அதற்கும் கீழே கொட்டலசுகள் என்ற ஓடுள்ள சிற்றுயிர்கள் ஒட்டிய வெள்ளைப் பட்டையும், பிறகு பழுப்பு மஞ்சள் கடற்பாசியும் வரும். கடற்பாசி முன்னணிக் காட்சிக்கு மிக அழகு. ஆனால் அதை அடைய வேண்டுமானால் கறுப்புப் பட்டையைக் கடக்க வேண்டும். ஆகவே அதை நீள லென்ஸில் மேலிருந்தே எடுங்கள்.

நான்காவதாக, ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். எஃப்/8 முதல் எஃப்/11 வரையிலான அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100 என்று வைத்துக்கொண்டு, தேவையான வேகம் வரும்வரை என்.டி. ஃபில்டரைச் சேர்க்கலாம். பாறையில் மோதித் தெறிக்கும் துளிகளை உறையவைக்க 1/500 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் தேவை. கற்களுக்கிடையே பின்வாங்கும் நீரின் இழைகள் தெரிய 1/4 முதல் 1 நொடி வரை சரியாக இருக்கும். 30 நொடி வைத்தால் கடல் வெறும் பனிமூட்டமாகிவிடும். புதியவர்கள் பெரும்பாலோர் நேரே 30 நொடிக்குப் போகிறார்கள். அதனால் அலையின் வடிவமே இல்லாமல் போகிறது. அரை நொடியில் தொடங்கி, அலை மோதும்போது அல்லாமல் பின்வாங்கத் தொடங்கும் நொடியில் ஷட்டரை அழுத்துங்கள்.

ஐந்தாவதாக, ஃபோகஸைக் கையால் வையுங்கள். மங்கிய ஒளியில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அருகிலுள்ள கல்லுக்குச் சற்றுப் பின்னால் ஃபோகஸ் வைத்து, பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். இரண்டு படங்களுக்கு ஒருமுறை லென்ஸின் முன்கண்ணாடியை விளக்கில் பாருங்கள். சிறு உப்புத்துளி ஒன்று, சூரியன் எழுந்ததும் படம் முழுவதும் வெண்புள்ளியாகப் பரவிவிடும்.

அந்தக் கற்களில் ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள், நகர்த்தி அடுக்கவும் வேண்டாம். எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். அடுக்கினால், அடுத்து வருபவரின் முன்னணிக் காட்சியும் கெடுகிறது.

அலையின் ஓசையும் தெறிப்பும் வேண்டுவோர் தண்டர் ஹோல் என்ற பாறைப் பிளவுக்கு, உயர் ஓதத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பாகச் செல்ல வேண்டும். உயர் ஓதத்தின் உச்சத்தில் பிளவு நிரம்பிவிடுவதால் காற்று அடைபடாது, முழக்கமும் எழாது. தொலைவில் புயல் இருக்கும் நாட்களில் அங்கே தடுப்புக்கு அப்பால் இறங்கவே கூடாது. 2009 ஆகஸ்டில் பில் புயல் கடலில் தொலைவாகக் கடந்துகொண்டிருந்தபோது, அலை பார்க்கக் கூடியிருந்தவர்களைப் பெரிய அலை ஒன்று அடித்துச் சென்றது; ஒரு சிறுமி உயிரிழந்தாள். அன்று வானம் தெளிவாக இருக்கிறது என்பதைக் கடல் அமைதியாக இருக்கும் என்பதற்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

6. மேகம் கவிந்ததும் இலைகளிடம் செல்லுங்கள்

மழைமேகம் கண்டு அறையிலேயே இருந்துவிடுவது இந்தப் பயணத்தில் செய்யும் பெரிய இழப்பு. இலையின் மெழுகுப் பரப்பில் நேர்வெயில் பட்டால் வெள்ளைப் பளபளப்பே பதிவாகும், நிறம் பதியாது. மேகமூட்டத்தில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் மென்மையாக வரும். மழை நின்ற பிறகு நனைந்த மரப்பட்டை கறுத்து, இலைகளின் நிறத்தை எடுத்துக் காட்டும்.

எங்கே தேடுவது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1947ஆம் ஆண்டின் பெருந்தீ, தீவின் கிழக்குப் பகுதியில் 17,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்கள் நின்ற அந்த நிலத்தில் பிர்ச், ஆஸ்பன் போன்ற இலையுதிர் மரங்கள் முளைத்தன. ஆகவே மஞ்சளும் செம்மஞ்சளும் வேண்டுவோர் கிழக்கே பார் ஹார்பரையும் ஈகிள் ஏரியையும் சுற்றித் தேடுங்கள். தரையோடு படரும் அவுரிநெல்லிப் புதர்களின் ஆழ்சிவப்பு வேண்டுவோர், காடிலாக் உச்சிப் பாறைகளுக்கு இடையே பாருங்கள். மரங்கள் வெளிறத் தொடங்கிய பிறகும் இந்தப் புதர்கள் சில நாட்கள் சிவந்தே நிற்கும்.

போலரைசரைத் திருப்பியபடியே இலைகளைப் பாருங்கள். பளபளப்பு மறையும் கட்டத்தில் நிறுத்துங்கள். அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கும் என்பதால் ஷட்டர் நீளும், சிறு காற்றுக்கும் இலை மங்கும். காற்று நிற்கும்வரை காத்திருங்கள், அல்லது ஐ.எஸ்.ஓ.வை 400, 800 என்று ஏற்றி ஷட்டரை 1/125 நொடி அல்லது அதைவிட வேகமாக்குங்கள்.

நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பாலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகலொளி அல்லது மேகமூட்டம் என்று நிலையாக வையுங்கள். படம் முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தால், கேமரா அதைப் பிழை என்று கருதி நீலம் சேர்க்கும். ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரியும் முறையையே பயன்படுத்துங்கள். மொத்த வரைபடம் சரியாகத் தோன்றினாலும் சிவப்பு மட்டும் விளிம்பைத் தொட்டு, இலையின் நரம்புகள் அழிந்துபோயிருக்கும். அப்போது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் போதும்.

ஜோர்டன் பாண்ட் ஏரியின் தென்கரையிலிருந்து, பபிள்ஸ் என்ற இரட்டைக் குன்றுகளின் பிம்பத்தை எடுக்க விரும்புவோர் காற்று எழுவதற்கு முன் காலையில் சென்றுவிட வேண்டும். அங்கே போலரைசரை முழுவதும் திருப்பினால் நீரிலுள்ள பிம்பமே மறைந்துவிடும். அகலக் கோணத்தில் நீலவானத்தை எடுக்கும்போதும் அதைக் கழற்றிவிடுங்கள். வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகும்.

7. உயிரினங்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்

நிலக்காட்சி எடுக்கும்போதே பறவையையும் பிடித்துவிடலாம் என்று எண்ணினால் இரண்டும் கிடைப்பதில்லை. கேமரா அமைப்புகள் முற்றிலும் வேறானவை. கேமராவில் அமைப்புகளைச் சேமிக்கும் வசதி இருந்தால், ஒன்றில் நிலக்காட்சியையும் மற்றொன்றில் இதையும் பதிந்துவையுங்கள்: தொடர் ஃபோகஸ், விலங்குக் கண் கண்டறிதல், முழுத் திறப்பு அப்பர்ச்சர், தானியங்கி ஐ.எஸ்.ஓ., நின்றிருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/1600 நொடி.

கரையோர நீரில் ஈடர் வாத்துகள் கூட்டமாக மிதக்கும். ஆண் பறவையின் வெண்மை எரிந்துபோகாமல் இருக்க எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். அவை நீருக்குள் மூழ்கும்போது நீங்கள் மெல்ல முன்னகருங்கள், மேலே வந்ததும் அசையாமல் நில்லுங்கள். ஏரிகளில் லூன் பறவைகளைக் காணலாம். அக்டோபரில் அவை கோடைக்காலக் கட்டம் போட்ட இறகுகளை உதிர்த்துச் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, தெற்கே வலசை போகும் வல்லூறுகளும் பிற வேட்டைப் பறவைகளும் காடிலாக் மலையைக் கடந்து செல்கின்றன. வடக்கிலிருந்து காற்று வீசும் தெளிந்த முற்பகலில் அங்கே நில்லுங்கள். பல பறவைகள் உங்கள் கண்மட்டத்துக்குக் கீழேயே கடப்பதால், வெறும் வானத்துக்குப் பதில் செவ்வண்ணச் சரிவு பின்னணியாக அமையும். இந்த வாய்ப்பு வேறு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. உதயத்துக்காக வாங்கிய முன்பதிவில் மேலே வந்தவர்கள், சூரியன் எழுந்ததும் இறங்கிவிடாமல் இருந்தால் இதையும் எடுக்கலாம்.

பாறைத்திட்டுகளில் ஓய்வெடுக்கும் கடல்நாய்களிடமிருந்து குறைந்தது 50 கஜம் தள்ளி இருக்க வேண்டும். தூரம் சரியாக இருந்தாலும், அவை தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்; பின்வாங்குங்கள். மான் சாலையோரம் நின்றால் நடுச்சாலையில் காரை நிறுத்தக் கூடாது. உணவு போட்டு வரவழைப்பதும், கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவதும் அந்த உயிர்களுக்குத் தீங்கு செய்யும் செயல்கள்.

8. மாலையில் பாஸ் ஹார்பர் கலங்கரை விளக்கம்

சூரியன் மறையும் காட்சிக்குத் தீவின் தென்மேற்கு முனையிலுள்ள பாஸ் ஹார்பர் ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு எல்லோரும் வருகிறார்கள். வாகன நிறுத்துமிடம் மிகச் சிறியது என்பதால், மறைவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். மரப்படிகளில் இறங்கிப் பாறைகளிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதால், உயர் ஓதம் மாலையில் வரும் நாளில் இங்கே வராதீர்கள். நிற்க இடம் இருக்காது.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கலையும்போது நீங்கள் கிளம்ப வேண்டாம். சிவப்பு விளக்கின் ஒளியும் வானத்தின் ஒளியும் சமமாவது, மறைவுக்குப் பின் 20 முதல் 30 நிமிடத்துக்குள்தான். வானம் பளிச்சென்று இருக்கும்போது எடுத்த படத்தில் விளக்கு எரிவதே தெரியாது. பாறைகளின் இருளும் வானமும் ஒரே படத்தில் அடங்காவிட்டால், இரண்டு ஸ்டாப் குறைத்தும் கூட்டியும் மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைக்கலாம்.

9. அறைக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியவை

குளிரிலிருந்து வந்த கேமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள். சூடான அறைக் காற்றிலுள்ள ஈரம் லென்ஸுக்குள் படியும். பையை மூடியபடி ஒரு மணி நேரம் விட்டு, மெமரி கார்டை மட்டும் எடுக்க வேண்டுமானால் அதை வெளியிலேயே கழற்றிக்கொண்டு வாருங்கள்.

முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டி, நன்னீர் நனைத்த துணியால் ஒவ்வொரு மூட்டையும் துடையுங்கள். உப்பும் மணலும் உள்ளே இருக்கக் கால்களை மடக்கினால், அடுத்த முறை பூட்டு இறுகிவிடும். ஃபில்டரில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்க்காமல், முதலில் நன்னீரில் கரைத்துப் பிறகு ஒற்றி எடுங்கள்.

படங்களை ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக்கோப்பாக) எடுத்திருந்தால், அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள். வண்ணத் திருத்தத்தை மட்டும் ஊர் திரும்பிய பிறகு செய்யுங்கள். நாள் முழுவதும் சிவப்பைப் பார்த்த கண், அன்றிரவு திரையில் இன்னும் சிவப்பைக் கேட்கும். திருத்தும்போது மொத்த செறிவைக் கூட்டாமல், மஞ்சளையும் சிவப்பையும் தனித்தனியாகச் சிறிதளவு சரிசெய்யுங்கள். ஊசியிலை மரங்களின் கரும்பச்சையைத் தொடாமல் விட்டால், அதன் பக்கத்தில் நிற்கும் மேப்பிளின் சிவப்பு தானாகவே எழுந்து தெரியும். படுக்கும் முன் ஓதத் தாளை எடுத்து, மறுநாளுக்கான நேரங்களைப் பார்த்து அலாரத்தை வையுங்கள்.